மையவாடி நம் கையில் உள்ள அமானிதம்



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நமது டிரஸ்டுக்கு மையவாடி பற்றிய விண்ணப்பங்கள் வரத் தொடங்கிவிடும். தண்ணீர் தேங்குகிறது, முள் மண்டிவிட்டது, குழி வெட்ட இடமில்லை என்பார்கள். இவற்றில் கடைசிக் குறைதான் பெரிய கவலை. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஊர் பெருத்துவிட்டது. மையவாடியின் நான்கு எல்லை மட்டும் நம் பாட்டனார் காலத்து அளவிலேயே நிற்கிறது. ஆனால் இடமில்லை என்று சொல்லப்படும் இடத்திற்கு நேரில் போய்ப் பாருங்கள். அங்கே இடத்தை அடைத்துக் கொண்டிருப்பவை பெரும்பாலும் மய்யித்துகள் அல்ல, சிமெண்டும் கிரானைட்டும்தான்.

பொது மையவாடி என்பது முஸ்லிம்கள் அனைவருக்குமாக வக்ஃபு செய்யப்பட்ட நிலம். அதில் அடக்கமாகிறவருக்கு அந்த ஆறடி சொந்தமாகிவிடுவதில்லை. உடல் மண்ணாகும் வரை அங்கே தொந்தரவின்றி இருக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதன்பின் அது இனி வரப்போகிற மய்யித்தின் இடம். அதற்கு எத்தனை ஆண்டு என்று ஃபிக்ஹு நூல்கள் கணக்குச் சொல்லவில்லை. அந்த ஊர் மண்ணை அறிந்த அனுபவசாலிகளின் கணிப்புக்கு விட்டுவிட்டன. அவசரப்பட்டுத் தோண்டுவதும் கூடாது. மய்யித்தின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். வெட்டும்போது எலும்பு தென்பட்டால் அந்த இடத்தை மூடிவிட்டு வேறிடம் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் மண் ஒரே மாதிரி இல்லை. பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர் பக்கம் கடற்கரை மணல். லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கம் வயல் களிமண். மணலில் உடல் விரைவில் மக்கும். நீர் கோத்த களிமண்ணில் தாமதமாகும். குழியின் வகையும் மண்ணைப் பொறுத்ததே. அடியில் கிப்லா பக்கச் சுவரைக் குடைந்து மய்யித்தை வைப்பது லஹ்து. நபி (ஸல்) அவர்களின் கப்ரு இந்த வகைதான். குழியின் நடுவில் வாய்க்கால் போல் இறக்கி, மேலே பலகை பரப்புவது ஷக்கு. மண் உறுதியாக இருந்தால் லஹ்து சிறந்தது, சரியும் மண்ணில் ஷக்குதான் ஏற்றது என்று இமாம்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கடலோர மணலில் லஹ்துக்குப் பிடிவாதம் பிடித்தால் சுவர் சரிந்துவிடும். பெட்டியோடு அடக்குவது மக்ரூஹ். மண் இளகி ஈரமாக இருந்தால் மட்டும் அதற்கு அனுமதி உண்டு. கார்த்திகை மழையில் இந்தச் சலுகை நமக்கு உதவும்.

கப்ரைச் சுண்ணம் பூசுவதையும், அதன்மேல் கட்டுவதையும், அதன்மேல் உட்காருவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். பூசாதே என்பதைப் பிடித்துக்கொள்கிற நாம் உட்காராதே என்பதை மறந்துவிடுகிறோம். ஜனாஸா தொழுகைக்கு வந்தவர்கள் பழைய கப்ரின் மேல் உட்கார்ந்து செல்போன் பார்ப்பதை எந்த ஊரிலும் காணலாம். மக்காவில் மையவாடிக் கட்டடங்களை ஆட்சியாளர்கள் இடித்ததையும், ஃபிக்ஹு அறிஞர்கள் அதைக் குறை கூறாததையும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். பொது நிலத்தில் கட்டினால் பிறருக்கு இடம் குறுகிவிடும் என்பதே அவர்கள் காட்டும் காரணம். அடையாளம் வைக்கத் தடையில்லை. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கப்ரின் தலைமாட்டில் நபி (ஸல்) அவர்களே ஒரு கல்லை எடுத்து வைத்தார்கள். ஒரு சாண் உயரத்திற்கு மண், தலைமாட்டில் ஒரு மீசான் கல், அவ்வளவே போதும். (தர்கா பற்றிய தர்க்கம் இங்கே நம் பேச்சல்ல. பொது மையவாடியைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.)

இதையெல்லாம் அடக்கம் செய்யும் நாளில் பேச முடியாது. அன்று பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பார்கள். யாரோ ஒருவர் கிரானைட்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார். அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் சொன்ன வஸிய்யத்துகளில், தம் கப்ரின் மேல் எதையும் கட்ட வேண்டாம் என்பதும் ஒன்று. நாமும் கடன் விவரங்களோடு இந்த ஒரு வரியையும் எழுதி வைத்துவிடலாம். சகராத்து நேரத்தில் வீட்டார் செய்ய வேண்டியது குறைவுதான். உதட்டை நனைப்பது, முடிந்தால் கிப்லா பக்கம் திருப்புவது, கலிமாவை மெல்ல ஒருமுறை காதில் விழச் செய்வது. அவர் சொல்லிவிட்டால் திரும்பத் திரும்பச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. வாசலில் நின்று சொத்துப் பேசுவதை அன்று ஒருநாளாவது நிறுத்தலாம்.

நிலத்தின் மேல் வளர்வதற்கும் சட்டம் இருக்கிறது. இரண்டு கப்ருகளின் மேல் நபி (ஸல்) அவர்கள் பச்சை மட்டையைப் பிளந்து நட்ட சம்பவம் நமக்குத் தெரியும். கப்ரின் மேலுள்ள பச்சைப் புல் தஸ்பீஹ் செய்வதால் அதைப் பிடுங்குவது மக்ரூஹ் என்றும், காய்ந்ததை எடுக்கலாம் என்றும் ஹனஃபி நூல்கள் கூறுகின்றன. ஆகவே மொத்தமாகக் களைக்கொல்லி அடிப்பதும், கோடையில் தீ வைப்பதும் சுத்தம் ஆகாது. சீமைக்கருவேலம் வேறு கதை. குழி வெட்டவும் ஜனாஸா நுழையவும் வழியில்லாமல் செய்துவிடும் அதை வேரோடு எடுக்கத்தான் வேண்டும். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். வேலியோரம் வேம்பும் புங்கனும் வைக்கலாம்.

நெருக்கடி வரும்போது இந்த நிலத்தின் அருமை புரிகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நமது மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரைப் பொதுக்குழிகளில் அடக்க நேர்ந்தது. உஹதிலும் ஒரு கப்ரில் இருவர், மூவர் அடக்கப்பட்டார்கள். நிர்பந்தம் அதை அனுமதிக்கிறது. கொரோனா காலத்தில், 2020, 2021 ஆண்டுகளில், மய்யித்துகள் பிளாஸ்டிக் உறையோடு ஆழத்தில் அடக்கப்பட்டன. உறைக்குள் இருப்பது சீக்கிரம் மக்காது. அந்த வரிசைகளை முத்தவல்லிகள் தனியே குறித்து வைக்க வேண்டும். மற்ற கப்ருகளின் கணக்கில் சேர்த்துத் திறந்துவிடக் கூடாது.

அதே நேரத்தில் இலங்கையில் நம் சகோதரர்களுக்கு அந்தக் குழியும் கிடைக்கவில்லை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2020 ஏப்ரல் முதல் 2021 பிப்ரவரி வரை கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்கக் கட்டாயப்படுத்தினார்கள். பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையையும் விடவில்லை. பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி என்ற ஒரே இடத்தை ஒதுக்கினார்கள். ஓராண்டில் 3,634 பேர் அங்கே அடங்கினார்கள். முஸ்லிம்களோடு பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அதில் உண்டு. 2024 ஜூலையில் அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. எரிந்தவர்களின் வீட்டாருக்கு ஜியாரத் செய்யக் கப்ரு இல்லை.

நமக்கு நிலம் இருக்கிறது. அதற்குக் காகிதம் இருக்கிறதா என்பதே கேள்வி. பழைய மையவாடிகள் பல, யாரோ ஒரு பெரியவர் வாய்மொழியாகக் கொடுத்து, தலைமுறை தலைமுறையாக அடக்கி வந்ததாலேயே வக்ஃபாக ஏற்கப்பட்டவை. பயன்பாட்டால் வக்ஃபு என்ற அந்த வழியை 2025 ஏப்ரல் 8 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. அதற்கு முன்பே பதிவானவை, வழக்கிலோ அரசு நிலம் என்ற சர்ச்சையிலோ சிக்காதவரை, வக்ஃபாகவே தொடரும். 2025 செப்டம்பர் 15 இடைக்கால உத்தரவில் உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளை நிறுத்தி வைத்தாலும் இந்த நீக்கத்தை நிறுத்தவில்லை. எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் வக்ஃபு வாரியப் பதிவையும், தாலுகா அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும், புல வரைபடத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நிலம் மயானம் என்று பதிவாகியிருக்கிறதா, வெறும் புறம்போக்கு என்றா, சர்வே எண்ணும் பரப்பளவும் எல்லைக் கல்லோடு ஒத்துப் போகின்றனவா என்று கவனியுங்கள்.

அடக்கப் பதிவேடும் வேண்டும். பெயர், தேதி, வரிசை எண் எழுதினால் போதும், ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருந்தால் ஆகிவிடும். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய தானப் பத்திரமோ, வரி ரசீதோ, பாட்டனார் அடக்கமான தேதி எழுதிய கித்தாபோ இருந்தால் அதன் நகலை டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். மூலத்தை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.