படத்தில் நிழல் சரியாக விழ

ஒளிப் பாடத்துக்காக நான் கணினியில் தயாரித்த படத்தில் சூரியன் வலப்பக்கம் இருந்தது. தென்னையின் நிழலும் வலப்பக்கமே விழுந்தது. ஜிம்ப் மென்பொருளில் ‘டிராப் ஷேடோ’வை அழுத்தியதோடு விட்டதன் விளைவு. நான் கவனிக்கவில்லை. மறுநாள் பல நோட்டுகளில் நிழல் சூரியன் பக்கமே வரையப்பட்டிருந்தது!

அந்த வசதி, உருவத்தை அப்படியே சற்று நகர்த்திக் கறுப்பாக்கும். பலகையில் ஒட்டிய தாளுக்கு அது போதும். தரையில் நிற்கும் மரத்துக்குப் பொருந்தாது.

மரம் மட்டும் உள்ள லேயரை நகலெடுத்து, மரத்துக்கு அடியில் வையுங்கள். ‘லாக் ஆல்பா’வை இயக்கிக் கறுப்பு நிரப்புங்கள். உடனே அதை நீக்கிவிடுங்கள். இல்லையெனில் பின்னர் மங்கலாக்கும்போது ஓரம் பரவாது (நான் அரைமணி நேரம் திணறிய இடம்). பிறகு ‘பெர்ஸ்பெக்டிவ்’ கருவியால் உச்சியை மட்டும் இழுத்து, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் தரையில் படுக்க வையுங்கள். அடிமரம் அசையக் கூடாது. சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழலின் நீளமும் மரத்தின் உயரமும் சமம். ‘ஒபாசிட்டி’யை 50 அளவுக்குக் குறைத்தால் நிழலுக்குள் புல் தெரியும்.

இனி ஓரம். சூரியன் ஒரு புள்ளியல்ல. வானில் ஏறத்தாழ அரை டிகிரி அகலம் உடையது. அதனால் அடிமரத்தருகே நிழல் கூர்மையாகவும், உச்சியின் நிழல் புறநிழலால் மங்கியும் இருக்கும். 10 மீட்டர் தொலைவிலிருந்து விழும் நிழலின் ஓரம் சுமார் 9 செ.மீ. மங்கும். எனவே ‘காஸியன் பிளர்’ உச்சிப் பகுதிக்கு மட்டும் போதும்.

பழைய படத்தை அழிக்கவில்லை. இரண்டையும் அருகருகே காட்டி, எது தவறு என்று கேட்டே இப்போது பாடத்தைத் தொடங்குகிறேன்.