வீடு தேடி மேற்கே: அன்றும் இன்றும்

1960-களில் சென்னைக்கு மேற்கே ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலைக்குச் சேர வெளியூரிலிருந்து வந்தவருக்கு, எங்கே குடியிருப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் அவசியம் அதிகம் இருக்கவில்லை. குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போடுவார். கிடைக்கும்வரை பக்கத்தில் ஒரு போர்ஷனில் இருப்பார். கிடைத்துவிட்டால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மைதானம் எல்லாம் எஸ்டேட்டுக்குள்ளேயே. அந்த ஃபேக்டரி, அதாவது கனரக வாகனத் தொழிற்சாலை, நிறுவப்பட்டது 1961-ல்; முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965-ல். வீடு கொடுப்பதும் தன் வேலைதான் என்று அந்த நிர்வாகம் நினைத்தது.

அம்பத்தூர் கதை கொஞ்சம் வேறு. டிஐ சைக்கிள்ஸ், டன்லப் என்று பெரிய ஆலைகள் முதலில் வந்தன. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா. 1964 வாக்கில் தொழிற்பேட்டை. இங்கே எல்லோருக்கும் குவார்ட்டர்ஸ் இல்லை. ஆனால் ஊர்க்காரர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் ரயிலை விட்டு இறங்கினால், முன்பே வேலையில் இருக்கும் அண்ணாச்சி தன் தெருவிலேயே ஓர் அறை பேசி வைத்திருப்பார். ஆலைச் சங்கு கேட்கும் தூரம், கிணற்றில் நல்ல தண்ணீர், சைக்கிள் நிறுத்த இடம். இவ்வளவுதான் பார்த்தார்கள். அண்ணாச்சிக்கு அந்தத் தெருவில் எந்த வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வரும் என்பதும் தெரியும். அதனால் வந்தவர் அதைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

1979-ல் சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. சங்குக்கு இருந்த பிடி அப்போதே தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். சீசன் டிக்கெட் ஒன்று இருந்தால் பட்டாபிராமிலோ திருநின்றவூரிலோ குடியிருந்துகொண்டு சென்ட்ரலில் போய் இறங்கலாம். அதே காலத்தையொட்டி முகப்பேரில் உலக வங்கிக் கடனில் மனைத் திட்டம் வந்தது. சிறிய மனை, சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்பு இவற்றை அரசு கொடுக்கும். சுவரையும் கூரையையும் அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொள்ளலாம். ஏழைக்கும் நடுத்தரத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் ஒதுக்கிய திட்டம். அதற்குரிய மரியாதையை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

அதன் பிறகு தனியார் மனைப் பிரிவுகளின் காலம். ஏரிக்குக் கீழே நெல் விளைந்த ஆயக்கட்டு வயல்களில் கல் நட்டு, கிரவுண்டு கிரவுண்டாகத் தவணையில் விற்றார்கள். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சியானது. வயலின் ஞாபகம் பத்திரத்தில் சர்வே எண்ணாக மட்டும் மிஞ்சியது.

இன்று இங்கே குடிவருகிற குடும்பத்துக்கு இரண்டு சம்பளம், இரண்டு திசை. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய ஆலைகளுக்கு நடுவே எழுந்திருக்கும் ஐடி கட்டடம், மனைவிக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனி, பிள்ளைக்கு முகப்பேரில் பள்ளி. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்த பிறகு, நகரத்திலிருந்து மேற்கே வேலைக்குப் போகிறவர்களும் வந்துவிட்டார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் மெட்ரோ பாதை. 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சோதனை ஓட்டம் நடந்தது. பயணிகள் ஏறுவதற்கு முன்பே தரகர்களின் பேச்சில் மெட்ரோ ஏறி உட்கார்ந்துகொண்டது.

அண்ணாச்சி செய்த வேலையை இன்று போனில் இருக்கும் வரைபடம் செய்கிறது. ஆபீஸ் எத்தனை நிமிடம் என்று சொல்லும். திருவள்ளூர் போகும் சி.டி.எச். ரோட்டில் மழை நாளில் பாடியிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பதை, மாட்டிக்கொண்ட பிறகுதான் சொல்லும். ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம், போக்குக் கால்வாய் யார் வீட்டுக்குப் பின்னால் ஓடியது என்பது அதற்குத் தெரியாது.

இது தெரிய வேண்டும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அது பழைய ஏற்பாடு. கால்வாயைச் சுருக்கிவிட்டால் தண்ணீர் தெரு வழியாகப் போகும், அவ்வளவே. 2015 வெள்ளத்தில் கூவம் கரையோரம் நொளம்பூர் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே தண்ணீர் புகுந்து எந்திரங்கள் மூழ்கின. இதற்கு நடுவே 2019 கோடையில் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளே வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு நின்றோம். மூழ்குவதும் காய்வதும் ஒரே ஊரில், நாலு வருட இடைவெளியில்.

வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசலில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1980-களில் கட்டிய வீடுகளுக்கு ரோட்டிலிருந்து மூன்று படி ஏறிப் போவார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு ரோடு உயர்ந்ததில், இன்று சில வீடுகளுக்குள் இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் தடுப்பு எழுப்பியிருப்பார்கள். உள்ளே சுவர் புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கும். பீரோவுக்குப் பின்னால், மீட்டர் பெட்டிக்குக் கீழே பார்த்தால் பழுப்புக் கோடு தெரியும். மீட்டர் பெட்டியையே ஆள் உயரத்துக்கு மாற்றியிருந்தால் கோட்டைத் தேட வேண்டிய தேவை இல்லை. எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டு, “அக்கா, போன மழைக்கு இங்க தண்ணி நின்னுச்சா?” என்று கேட்டால் போதும். வீட்டுக்காரர் சொல்லாததை அந்த அக்கா சொல்லிவிடுவார்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சென்னை வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற இடுக்கில்தான் பழைய வழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. இதை அரசு அடைத்தாக வேண்டும்.

இத்தனையும் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களின் கவலை. அத்திப்பட்டு, மண்ணூர்பேட்டை, பட்டரைவாக்கம் சந்துகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் ஓர் அறையில் ஆறு ஏழு பேராக இருக்கிறார்கள். பகல் ஷிப்ட் போனவன் பாயில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுப்பான். எஸ்டேட்டுக்கு நடந்துபோகும் தூரம் என்பது மட்டும் அன்றைய தொழிலாளிக்கு இருந்தது போலவே இவர்களுக்கும் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் இல்லை, எஸ்டேட் ஆஸ்பத்திரி இல்லை, வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ச்சொல்.

தொழிலாளர்களுக்கு வீடு கொடுப்பதை முடியாத காரியம் என்று தள்ள முடியாது. பூந்தமல்லியைத் தாண்டி வல்லம் வடகாலில், 2024 ஆகஸ்டில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க அரசின் சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. அறுபது ஆண்டுக்கு முன்பு ஆவடியில் இருந்த எண்ணம்தான் இது, வேறு அளவில். அம்பத்தூரில் பழைய ஆலைகள் மூடி நிலம் கைமாறும்போதெல்லாம் ஃப்ளாட்டும் ஐடி கட்டடமும்தான் எழுகின்றன. அந்த நிலத்தில் ஒரு பங்கு, எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்க ஒதுக்கப்பட வேண்டும்.