அகளிக்கு ஒரு கணக்கு, மும்பைக்கு ஒரு கணக்கா?

புதுதில்லி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடி மலைப்பகுதியில் உள்ளது அகளி. இருளர், முடுகர், குறும்பர் மக்கள் வாழும் பகுதி. அங்கு ஒரு பெண்கள் சுயஉதவிக் குழு வங்கியில் கடன் கேட்டால், தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் ‘பஞ்சசூத்திரம்’ எனும் ஐந்து விதிகளைக் கொண்டு குழு எடைபோடப்படுகிறது. முறையான கூட்டம், முறையான சேமிப்பு, குழுவுக்குள் கடன், தவணை தவறாமை ஆகியவற்றோடு ஐந்தாவதாக, கணக்குப் புத்தகங்கள் நாளதுவரை எழுதப்பட்டிருக்க வேண்டும். ரூ.20 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே அந்தப் புத்தகமே ஈடாக நிற்கிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் பொருளியல் இதையே சொல்கிறது. கடன் கொடுப்பவர் தமக்குப் புரியாத ஒவ்வொன்றுக்கும் வட்டியில் விலை வைப்பார். ஆண்டறிக்கை தெளிவாக இருந்தால் அந்தக் கூடுதல் வட்டி குறையும். ரூ.1,000 கோடி கடனில் ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு ரூ.10 கோடி.

ஆனால் மும்பையின் ஐஎல் அண்ட் எஃப்எஸ் விவகாரத்தில் நடந்தது வேறு. 1987-இல் தொடங்கப்பட்ட இந்த உள்கட்டமைப்பு நிதிக் குழுமத்தின் மிகப்பெரிய பங்குதாரர் எல்ஐசி. திருப்பூர் குடிநீர்த் திட்டத்திலும் கடலூர் மாவட்ட அனல்மின் நிலையத்திலும் இதற்குப் பங்கு இருந்தது. 2018-இல் கடன் தவணைகளை அடுத்தடுத்துத் தவறவிட்டது. அக்டோபர் 1 அன்று மத்திய அரசு நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகி, இயக்குநர் குழுவை அகற்றியது. கடன் சுமார் ரூ.91,000 கோடி. உதய் கோட்டக் தலைமையிலான புதிய குழு எண்ணிப் பார்த்தபோது குழுமத்தில் 348 நிறுவனங்கள் இருந்தன. அதுவரை வெளியே சொல்லப்பட்ட எண்ணிக்கை 169!

எத்தனை பிள்ளைகள் என்றே தெரியாத வீட்டுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைத்தது எப்படி? தர மதிப்பீட்டு நிறுவனங்கள் அளித்த ‘ஏஏஏ’ எனும் உச்சத் தரக்குறியீடுதான். அந்த மதிப்பீட்டுக்குக் கட்டணம் கொடுப்பதும் கடன் வாங்கும் நிறுவனமே. 2019 டிசம்பரில் இக்ரா, கேர், இந்தியா ரேட்டிங்ஸ் ஆகிய மூன்றுக்கும் செபி தலா ரூ.25 லட்சம் அபராதம் விதித்தது. அது போதாதெனக் கருதி, 2020-இல் இக்ரா, கேர் இரண்டுக்கும் தலா ரூ.1 கோடியாக உயர்த்தியது.

தெளிவற்ற அறிக்கையின் விலையை அதை எழுதியவர்கள் பல ஆண்டுகள் கொடுக்கவில்லை, மற்றவர்கள் கொடுத்தார்கள். ‘ஏஏஏ’வை நம்பிக் கடன் பத்திரம் வாங்கியவற்றில் தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதி அறக்கட்டளைகள் பல உண்டு. வங்கிசாரா நிதி நிறுவனங்கள் மீது பரஸ்பர நிதிகளுக்கு அச்சம் பிறந்தது. ஒழுங்காகக் கணக்கு எழுதிய சிறு நிறுவனங்களும் கூடுதல் வட்டிக்கே கடன் திரட்ட நேர்ந்தது. கிராமப் பெண்களுக்குக் கடன் தரும் நுண்நிதி நிறுவனங்களும் அவற்றில் அடக்கம். அன்றைய ரிசர்வ் வங்கி விதிப்படி, அந்தப் பெண்களிடம் எவ்வளவு வட்டி வாங்கலாம் என்பதற்கு நிறுவனத்தின் நிதிச் செலவும் ஓர் அளவுகோலாக இருந்தது.