ஐம்பொன்னும் உப்புத்தண்ணீரும்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. விசைப்படகிலிருந்து கழற்றிய ஷாஃப்ட் மரக்கட்டைகள் மேல் கிடந்தது. புஷ் உட்காரும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். நகம் மாட்டிக்கொள்ளும் பள்ளம். பக்கத்து டப்பாவில் கியர்பாக்ஸிலிருந்து வடித்த ஆயில், பால் ஊற்றிய டீயின் நிறத்தில் இருந்தது.

“இரும்பைக் குத்தம் சொல்லாதீங்க அண்ணாச்சி. தண்ணி உள்ள பூந்துட்டா ஆயில் ஆயிலாவா இருக்கும்?” என்றார் பட்டறைக்காரர்.

தேய்மான ஆய்வாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார். உலகம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 23 சதவீதம் உராய்வுக்கும் தேய்மானத்துக்கும் போகிறது என்று ஹோம்பெர்க், எர்டெமிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2017-ல் கணக்கிட்டார்கள். அதைக் குறைக்கப் புது உலோகம் தேடுகிறவர்கள் இருபது ஆண்டுகளாகப் பேசிவருவது உயர் என்ட்ரோபி உலோகக் கலவைகளைப் பற்றி.

ஐம்பொன் சிலையில் ஐந்து உலோகம் இருந்தாலும் பெரும்பங்கு செம்புதான். எஃகிலும் இரும்புதான் முதலாளி, மற்றவை சிட்டிகை. இந்தப் புதுக் கலவைகளில் முதலாளி கிடையாது. ஒன்றில் கோபால்ட், குரோமியம், இரும்பு, மாங்கனீசு, நிக்கல் ஐந்தும் சம பங்கு. 2004-ல் தைவானில் யே, இங்கிலாந்தில் கேன்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே இப்படிப்பட்ட கலவைகளைப் பற்றி வெளியிட்டார்கள். முந்தைய ஆண்டே பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் எஸ். ரங்கநாதன் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் பல்லுலோகக் கலவைகளைப் பற்றி எழுதியிருந்தார். இத்துறையின் முதல் நூலை 2014-ல் எழுதிய மூவரில் அவரும், அப்போது சென்னை ஐஐடியில் இருந்த பி.எஸ். மூர்த்தியும் உண்டு. நம் ஊர் ஆய்வுக்கூடங்களுக்கு இது அந்நியச் சரக்கு இல்லை.

வெவ்வேறு அளவுள்ள அணுக்கள் ஒரே வரிசையில் நிற்பதால் அடுக்குகள் எளிதில் வழுக்குவதில்லை. மேலே சொன்ன ஐந்தும் சேர்ந்த கேன்டரின் கலவை மென்மையானதுதான். ஆனால் மாங்கனீசை விட்டுவிட்டு அலுமினியத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அணுக்களின் அடுக்குமுறையே மாறிக் கலவை இறுகுகிறது. அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்த ஒரு கலவை, அதே கடினம் கொண்ட எஃகைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் தேய்மானத்தைத் தாங்கியதாக 2011-ல் தைவான் ஆய்வு காட்டியது.

அது ஆயில் இல்லாத சோதனை. ஆயில் வந்ததும் கதை மாறுகிறது. ஷாஃப்ட் வேகமாகச் சுழலும்போது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஆயில் படலம் இரண்டு உலோகங்களையும் பிரித்து வைக்கிறது. அப்போது எந்த உலோகம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. படகு கிளம்பும்போதும் நிற்கும்போதும் படலம் கிழிகிறது, மேடுகள் மோதுகின்றன. அந்த நொடிகளுக்காகத்தான் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த மருந்தைச் சேர்க்கிறார்கள். உரசும் சூட்டில் அது உலோகத்தின் மேல் ஒரு தோலாகப் படிகிறது. 1940-களிலிருந்து வரும் இந்த மருந்துகள் இரும்பை மனதில் வைத்துப் பக்குவப்பட்டவை. ஐந்தில் ஒரு பங்கே இரும்புள்ள கலவையில் அந்தத் தோல் அதேபோலப் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. உலர் சோதனையில் முதலிடம் பிடித்த கலவை ஆயிலில் பின்தங்கலாம்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். உப்புநீரிலிருந்து கலவையைக் காப்பது குரோமியம் போர்த்தும் ஆக்சைடு படலம். உரசல் அதைச் சுரண்டுகிறது, உலோகம் மறுபடி போர்த்திக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் செலவாகிறது. தேய்மானமும் அரிப்பும் கைகோத்தால் இழப்பு இரண்டின் கூட்டுத்தொகையையும் தாண்டலாம். கலவையில் செம்பைச் சேர்த்தால் அது மற்றவற்றோடு ஒட்டாமல் ஓரங்களில் ஒதுங்குகிறது, உப்புநீர் அங்கேதான் முதலில் கடிக்கிறது. சிலைக்கு ஆகிவந்த செம்பு ஷாஃப்டுக்கு ஆகாது.

கோபால்ட்டின் விலைக்கு முழு ஷாஃப்டையும் இந்தக் கலவையில் வார்ப்பது நடக்காத காரியம். எஃகு ஷாஃப்டின் மேல் லேசரால் உருக்கி ஒரு மில்லிமீட்டர் பூசுவது நடக்கும். தேய்ந்த இடத்தை மட்டும் நிரப்பவும் முடியும் என்பதால் எனக்கு இதில்தான் நம்பிக்கை.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு வழக்கமாக வைப்பது 3.5 சதவீத உப்புக் கரைசல், இல்லாவிட்டால் புத்தம்புது ஆயில். இந்தத் துறைமுகத்தில் ஆயிலோடு உப்பும் தண்ணீரும் பொடிமணலும் சேர்ந்துவிடுகின்றன. பூசிய தகட்டை எதில் உரசிப் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்த டப்பாவைத்தான் காட்டுவேன். கிளம்பும்போது ஒரு பாட்டிலில் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் பாட்டிலின் அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் பிரிந்து நின்றது. அதற்கும் கீழே, வெளிச்சத்தில் மினுங்கும் உலோகத்தூள்.