குளத்தண்டையில் கிடப்போர்: கொங்கு நாட்டில் எச்.ஐ.வி.யும் சமுதாயத் தாழ்வும்

பெதஸ்தா குளத்தண்டையில் 38 ஆண்டுகள் நோயாய்க் கிடந்த மனிதனைக் குறித்து நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம் (யோவான் 5). குணமாக்கும் தண்ணீர் அவன் கண்ணெதிரே இருந்தது. அதில் இறக்கிவிட ஓர் ஆள் இல்லாமையே அவனது முறையீடு. நோய் உடலை மட்டும் சார்ந்ததன்று. மருந்துக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள தூரத்தையும் அது சார்ந்தது. எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் நிலையை விளக்க இதனினும் பொருத்தமான திருமறைப் பகுதியை நாம் அறியோம்.

இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986 ஆம் ஆண்டு சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டனர். பின்வந்த ஆண்டுகளில், தமிழகத்தில் தொற்று மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாக நாமக்கல் அறியப்பட்டது. அதன் காரணத்தைத் தொழிலில் தேடவேண்டும். நாமக்கல் லாரிகளும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டச் செல்லும் ரிக் வண்டிகளும் வடமாநிலங்கள் வரை சென்றன. அவற்றோடு சென்ற ஆடவர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை. அவர்கள் வழியே தொற்றைப் பெற்ற மனைவியருள் பலர், கருவுற்றுப் பரிசோதனைக்குச் சென்ற நாளிலேயே அதனை அறிந்தனர். கணவன் இறந்தபின் பழியும் பல வீடுகளில் மருமகள் மீதே விழுந்தது.

கிருமி சாதி பார்ப்பதில்லை. லாரி உரிமையாளரையும் கிளீனரையும் அது ஒருங்கே பற்றியது. பின்னர் யார் பிழைப்பது என்பதைத்தான் நிலமும் சாதியும் தீர்மானித்தன. மருந்தை விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்த காலத்தில், தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றுக் கோவைக்குச் சென்று மருத்துவம் பெற உடையவரால் இயன்றது. தோட்டக்கூலியாக வாழும் அருந்ததியக் குடும்பத்திற்கு விற்க என்ன இருந்தது?

2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. 2017 முதல், தொற்று உறுதியானவுடனேயே அனைவருக்கும் அது தொடங்கப்படுகிறது. ஒழுங்காக உட்கொள்வோருள் கிருமி அடங்கிவிடுகிறது. அவ்வாறு அடங்கியவரிடமிருந்து உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதில்லை என்பதும் இன்று உறுதிசெய்யப்பட்டுள்ளது. அப்படியானால் தண்ணீர் கலங்கிவிட்டது. இனி இறங்குவதில் என்ன தடை? மாத்திரையை ஒருநாளும் விடலாகாது. விட்டுவிட்டு உண்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். ஆனால் மருந்து வாங்கச் செல்லும் நாளில் கூலி போகிறது. வெறும் வயிற்றில் மாத்திரையைத் தாங்க முடிவதில்லை. நெருக்கமான குடியிருப்பிலும் குறைந்த உணவிலும் காசநோய் எளிதில் பற்றிக்கொள்கிறது, எச்.ஐ.வி. உள்ளோரை மிகுதியாகக் கொல்வது அதுவே. இவை எல்லாவற்றினும் பெரிது, மருத்துவமனை வரிசையில் ஊரார் எவரேனும் கண்டுவிடுவார்களோ என்னும் அச்சம்.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க மக்கட்தொகையில் கறுப்பின மக்கள் நூற்றுக்குப் பதின்மூவர் அளவினர், ஆயினும் எச்.ஐ.வி.யோடு வாழ்வோருள் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பதின்மர் அவர்களே. நடத்தைக் குறைவே காரணம் என்று சொல்வது எளிது. ஆய்ந்தோர் கண்டதோ வேறு: வறுமை, குடியிருப்புப் பிரிவினை, மருத்துவக் காப்பீடு இன்மை, சிறைவாசம், மருத்துவமனைகள்மீது தலைமுறைகளாக வளர்ந்த அவநம்பிக்கை.

இனி நம்மைக் குறித்து ஒன்று கூறியாகவேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், சேகரத்துக் கைம்பெண் ஒருவர் தம் நோயை நம்மிடம் மட்டும் தெரிவித்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில், கணவனை இழந்து கொடிய நோயால் வாடும் சகோதரிக்காக என்று நாம் உருக்கமாக மன்றாடினோம். பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அம்மாத இறுதிக்குள் வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். நூற்பாலை வேலையும் போயிற்று. அவர் பிள்ளைகளோடு திருப்பூருக்குச் சென்று பனியன் கம்பெனியில் சேர்ந்தார். அலைச்சலில் மருந்து சில மாதங்கள் நின்றுபோனது.

நம்பிக்கையின்பேரில் சொல்லப்பட்ட எச்.ஐ.வி. நிலையை உரியவரின் எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியிடலாகாது என்றும், வேலையிலும் குடியிருப்பிலும் மருத்துவத்திலும் வேற்றுமை பாராட்டலாகாது என்றும் 2017 இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த சட்டம் கூறுகிறது. இறையியல் மாணவர் இதனை ஆயர்பணிப் பாடத்தோடு படித்தல் நன்று. நமக்கு அதனைக் கற்பித்தவர் அப்பெண்மணியே.

அவர் இப்பொழுதும் வேறொரு மாவட்ட மருத்துவமனைக்குச் சென்றே மருந்து பெறுகிறார். அக்கம்பக்கத்தாரிடம் உறவினர் வீட்டிற்குச் செல்வதாகக் கூறுகிறார். சென்ற முறை அவர் இசைவோடு நாமும் உடன் சென்றோம். வரிசை நீண்டதாயிருந்தது. பக்கத்தில் நின்றவர் வினவியபோது, "எங்க அண்ணன்" என்றார்.