ஊர்ப் பஜனைக் குழு: கீரப்பாளையம் வட்டாரத்தின் பக்தியிசை

ஊர்ப் பஜனைக் குழு என்பது இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஊர் மக்கள் ஒன்றுகூடி இறைவனைப் பாடும் குழு ஆகும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் இத்தகைய குழுக்கள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்திற்கு மேற்கே அமைந்த கீரப்பாளையம் ஒன்றியமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இம்மரபை அறிந்துகொள்ளப் பொருத்தமான இடங்கள். தமிழ்ப் பக்தியிசை வரலாற்றின் முக்கிய நிகழ்ச்சிகள் பல இந்த வட்டாரத்தோடு தொடர்புடையவை.

குழுவின் அமைப்பு

குழுவில் உழவர், கடைக்காரர், ஆசிரியர், மாணவர், இல்லத்தரசியர் எனப் பலரும் இருப்பர். நன்கு பாடத் தெரிந்த ஒருவர் முதலில் ஒரு வரியைப் பாட, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவர். இம்முறையால் எழுத்தறியாதவரும் சிறுவரும் பாடலைக் கற்றுக்கொள்கின்றனர். மார்கழி விடியலில் திருப்பாவை, திருவெம்பாவை பாடி வீதிவலம் வருவதும், திருவிழா நாள்களிலும் வீட்டு விசேஷங்களிலும் பாடுவதும் இக்குழுக்களின் பணி. யாருக்கும் ஊதியம் கிடையாது. சுண்டலும் பொங்கலும்தான் கிடைக்கும்.

இசைக்கருவிகள்

ஆர்மோனியம்: ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் உருவான இக்கருவி, இந்தியாவில் தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாறியது. இதன் ஒவ்வொரு கட்டையும் ஒரே நிலையான ஒலியைத் தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தை இதில் வாசிக்க இயலாது. இக்குறையைக் காரணம் காட்டி அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. வானொலி நிலையத்திற்குள் நுழைய முடியாத அந்த ஆண்டுகளிலும் பஜனை மடங்களில் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. தேர்ச்சி பெறாத இருபது குரல்களை ஒரே சுருதியில் கட்டி நிறுத்த அதன் உரத்த, நிலையான ஒலி உதவியது. "ஒரு கட்டை", "ஐந்து கட்டை" என்று பாடகரின் சுருதியை நாம் குறிப்பிடுவதுகூட ஆர்மோனியக் கட்டைகளின் எண்ணிக்கையைக் கொண்டுதான்.

கஞ்சிரா: பலாமரச் சட்டத்தில் தோல் போர்த்திய சிறு கருவி. பஜனையில் ஒலித்த இதனைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. முற்காலத்தில் உடும்புத் தோல் போர்த்தினர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால், இன்று ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் பயன்படுகின்றன.

ஜால்ரா, சிப்ளாக்கட்டை: தாளம் காட்டுபவை. குழுவில் சேரும் சிறுவரின் கையில் முதலில் ஜால்ராவைத் தருவது பல ஊர்களில் வழக்கம். இவற்றோடு மிருதங்கம் அல்லது டோலக் சேரும்.

வட்டாரத்தின் இசை மரபு

தேவாரச் சுவடிகள் தில்லைக் கோயிலில் இருந்ததைக் கண்டறிந்து திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. அவர் ஊர் காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள திருநாரையூர். கிடைத்த ஏடுகளில் ஒரு பகுதியைச் செல் அரித்திருந்தது. எஞ்சிய பாடல்களுக்கும் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண்களைப் பாடிக் காட்ட, அவற்றின்படி இசை வகுக்கப்பட்டது என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அப்பெண்ணின் ஊரான எருக்கத்தம்புலியூர், இன்று இராசேந்திரப்பட்டினம் என்ற பெயரில் இதே கடலூர் மாவட்டத்தில் உள்ளது. வைணவத்திலும் இதுபோன்ற செய்தி உண்டு. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். தம் மருமக்கள் இருவருக்குப் பாசுரங்களை இசையோடு கற்பித்தார் என்பது குருபரம்பரைச் செய்தி.

இவ்விரு வரலாறுகளிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பாடலின் சொல்லை ஏடு காக்கும். மெட்டைப் பாடுகிறவரின் தொண்டைதான் காக்கும்.

பிற்காலத்தில் சீர்காழி முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் தில்லை நடராசர் மீது கீர்த்தனைகள் பாடினர். சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலாரின் அருட்பா, இவ்வட்டாரத்தில் சாதி வேறுபாடின்றிக் கூடிப் பாடப்படுகிறது. அண்ணாமலை நகரில் 1941-இல் நடைபெற்ற தமிழிசை மாநாடு, தமிழ்ப் பாடல்களுக்குக் கச்சேரி மேடையில் உரிய இடம் கேட்டது.

பாடல் தேர்வும் சுவையும்

கச்சேரிப் பாடகர் அரிய இராகத்தை விரும்பலாம். ஊர்க் குழு விரும்புவது பலரும் சேர்ந்து பாடக்கூடிய மெட்டை. பழம்பஞ்சுரம் (சங்கராபரணம்), செந்துருத்தி (மத்தியமாவதி), புறநீர்மை (பூபாளம்) போன்ற பண்களில் அமைந்த பதிகங்கள் செவிக்குப் பழகியவை. திரைப்படப் பக்திப் பாடல்களும் இவற்றோடு கலந்துவிட்டன. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆயினும் திரைப்பாட்டு மெட்டுக்காக வந்து சேரும் இளைஞர், நாளடைவில் தேவாரமும் கற்றுக்கொள்ள வழி உண்டு.

வழிபாடாக இசை

தேர்ச்சி இல்லாதவர் பாடுவது வழிபாடு ஆகுமா? பெரியபுராணம் இதற்கு விடை தருகிறது. ஆனாய நாயனார் மாடு மேய்த்தவர். குழலில் ஐந்தெழுத்தை வாசித்தே அருள் பெற்றார். திருநீலகண்ட யாழ்ப்பாணரோ பெரும் இசைவல்லுநர்; ஆனால் சம்பந்தரின் ஒரு பதிகம் தம் யாழில் அடங்காததைக் கண்டு யாழையே உடைக்க ஓங்கினார். கருவிக்கும் திறமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தனார் வரலாறு இன்னும் ஆழமானது. கோயில் முரசுகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். அவர் தந்த தோலின் ஒலி உள்ளே கேட்டது. அவர் வெளியே நின்றார். தில்லைக் கோயிலின் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடும் உரிமைக்கும் நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. 2008-இல்தான் அரசாணை வந்தது. ஆகவே, ஒரு பஜனைக் குழுவை மதிப்பிடும்போது சுருதி சேர்ந்ததா என்று கேட்பதோடு, யார் யாருக்கு அதில் இடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். தெருவில் நடக்கும் குழு எல்லாத் தெருவுக்கும் போகிறதா என்பதே அதன் பக்திக்கு நல்ல அளவுகோல்.

இன்றைய நிலை

பல ஊர்களில் விடியற்காலைப் பாட்டின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டது. பதிவுசெய்த பாட்டு பிழையில்லாமல் ஒலிக்கிறது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு போர்வைக்குள் படுத்திருக்கலாம், கூடப் பாட வேண்டியதில்லை. ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்தால் பழுது பார்ப்பவரைத் தேட வேண்டியிருக்கிறது. பாடல் வரிகள் புத்தகத்திலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஓர் ஊருக்கே உரிய மெட்டு முதியவர்களிடம் மட்டுமே இருக்கிறது.

மாணவர்கள் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. உங்கள் ஊரில் பாடும் முதியவரிடம் அனுமதி பெற்று, அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடல், பண் அல்லது இராகம், தாளம், யாரிடம் கற்றார் என்பவற்றைக் குறித்து வையுங்கள். பிறகு அவர் முன்னே பாட, நீங்கள் திருப்பிப் பாடுங்கள். மெட்டு தொடர்ந்து வாழ இந்த இரண்டாவது வேலைதான் முக்கியம்.