கம்பளி நூலும் கழுத்துச் சங்கிலியும்

கம்மாபுரத்தில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. மார்கழியில் விடியற்காலைப் பனி. தாத்தா தலையில் ஒரு மப்ளர். குழந்தைக்குப் போர்த்திவிடப் பாட்டியின் பழைய நூல் புடவை. அவ்வளவுதான் நம் தென்னாற்காட்டுக் குளிர்! ஸ்வெட்டர் என்பது எப்போதோ ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் வீட்டுப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு தூங்கும் வஸ்து.

அப்படிப்பட்ட சீமையின் பெண்கள் ஒரு வருஷம் கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே? 1962-ஆம் வருஷம் அது.

அக்டோபர் 20-ஆம் தேதி, ஐப்பசி பிறந்து சில நாட்களில், சீனாவுடன் யுத்தம் மூண்டது. 26-ஆம் தேதி நாடெங்கும் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. தீபாவளிப் பட்சணத்துக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த வேளை! பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஆண்கள் கூட்டம். நேஃபா, லடாக், தவாங், போம்டிலா என்று அதுவரை யாரும் உச்சரித்தறியாத பெயர்கள் திண்ணைக்குத் திண்ணை புரண்டன. பெண்களுக்குச் செய்தி எப்படி வரும்? சாப்பாட்டு இலைக்கு எதிரே உட்கார்ந்து, "அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று கேட்டால்தான் வரும்.

அப்படி வந்த செய்திகளில் ஒன்று பெண்களின் மனத்தில் தைத்தது. சமவெளியிலிருந்து அவசரமாக மலைக்கு ஏற்றப்பட்ட ஜவான்கள் பலருக்குப் போதிய கம்பளி உடுப்பு இல்லை. பதினாலாயிரம் அடி உயரத்தில், உறைபனியில், பருத்திச் சட்டையும் கான்வாஸ் காலணியுமாக நின்றவர்களும் உண்டு. மக்மோகன் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாத தாய்க்கும், பிள்ளை குளிரில் நடுங்குகிறான் என்றால் புரியாமல் போகுமா?

நாடெங்கும் மாதர் சங்கங்களிலும் பெண்கள் பள்ளிகளிலும் பின்னல் வேலை தொடங்கியது. நம் பக்கத்துப் பெண்களுக்குக் கோலத்தில் புள்ளி எண்ணத் தெரியும். ஊசியில் கண்ணி எண்ணத் தெரியாது. முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். நூல் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. பெரிய ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அப்புறம், அளவுக்கு என்ன செய்வது? முகம் தெரியாத சிப்பாயின் மார்பு எத்தனை அங்குலம் என்று யார் சொல்வார்கள்? வீட்டில் இருக்கும் தம்பியையோ மச்சினரையோ நிற்க வைத்து முதுகில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். மார்கழியில் கூட வேர்வை வழியும் அடுப்பங்கரையில் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு பின்னுவது எத்தனை சிரமம் என்பது, பின்னியவர்களுக்குத்தான் தெரியும்.

நவம்பர் 21-ஆம் தேதி சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. ஒரே மாதம்! முதுகுப் பக்கம் முடிந்து கைப் பக்கம் தொடங்குவதற்குள் சண்டை நின்றுவிட்டது. ஆனால் மலையில் குளிரும் நிற்கவில்லை, காவலும் நிற்கவில்லை.

கம்பளி இருக்கட்டும். பொன்னின் கதைதான் பெரிய கதை.

தேசப் பாதுகாப்பு நிதி ஏற்படுத்தப்பட்டு, பணமும் தங்கமும் கேட்கப்பட்டன. இந்திரா காந்தி தம் நகைகளைக் கொடுத்தார். ஊருக்கு ஊர் கூட்டங்கள் நடந்தன. மேடையில் தட்டு வைக்கப்படும். வளையல், மோதிரம், ஜிமிக்கி என்று கழற்றிப் போடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய்க் காசைப் போட்டார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி நமக்குப் பழகிவிட்டது. பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நிலம் புருஷன் பேரில்; வீடு மாமனார் பேரில். அன்றையப் பெண்ணுக்குத் தன்னது என்று இருந்தது கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான். பஞ்சம் வந்தாலும், பிரசவம் சிக்கலானாலும், பெண்ணுக்கு வரன் வந்தாலும் அதுதான் கைகொடுக்கும். பத்து ஏக்கர் வைத்திருந்தவர் பத்து ரூபாய் கொடுத்ததும், ஒற்றைச் சங்கிலிக்காரி அந்தச் சங்கிலியையே கொடுத்ததும் ஒரே ரசீதுப் புத்தகத்தில்தான் ஏறின. இரண்டும் ஒன்றாகுமா?

யுத்தத்தில் உயிர் நீத்த நம் வீரர்கள் 1,383 பேர் என்று சர்க்கார் கணக்கு. சிறைப்பட்டவர் 3,968 பேர். அவர்கள் அடுத்த வருஷம் திரும்பினார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே இன்னொரு கணக்கு இருந்தது: காணாமற்போனவர் 1,696 பேர். கடிதம் எழுதினால் "56 ஏ.பி.ஓ." என்ற விலாசம் ஒன்றுதான், ஆள் எந்த மலையில் என்று தெரியாது. தபால்காரரைக் கண்டால் ஆசை, தந்திச் சேவகரைக் கண்டால் நடுக்கம். 'காணவில்லை' என்ற சொல்லோடு ஒரு மனைவி எப்படிக் காலம் தள்ளுவாள்? குங்குமம் இட்டுக்கொள்வதா, கூடாதா? தாலியைத் தொட்டுக் கும்பிடுவதா, கழற்றுவதா? மற்றவர்கள் கழற்றிக் கொடுத்த பொன்னைப் பற்றி மேடையில் பேச்சு நடந்தது. கழற்றுவதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்த பொன்னைப் பற்றி யார் பேசினார்கள்?

மார்கழி முடியப் போகிறது. தை பிறந்தால் கல்யாணங்கள். அந்தச் சமயம் பார்த்து, 1963 ஜனவரி இரண்டாவது வாரத்தில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். இனிப் புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது! கள்ளக்கடத்தலை ஒடுக்கவும், பொன் மேல் நமக்குள்ள மோகத்தைக் குறைக்கவும் இந்த ஏற்பாடு என்றார்கள். திருமாங்கல்யத்துக்கும் விலக்கு இல்லை.

22 காரட் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்குக்கு மேல் தங்கம். 14 காரட்டில் ஐம்பத்தெட்டுப் பங்குதான். மீதி செம்பும் வெள்ளியும். நிறம் மங்கும், கடினமும் அதிகம். தலைமுறை தலைமுறையாக 22 காரட்டில் பழகிய கைக்கு அது எளிதில் வசப்படவில்லை. வாங்குவோரும் வரவில்லை. கல்யாண வீட்டார் பழைய நகைக்கு மெருகு போட்டு ஒப்பேற்றினார்கள். பத்தர் வீட்டு உமியோட்டில் நெருப்பு அணைந்தது. ஊதுகுழலைத் தவிர வேறொன்றும் அறியாத குடும்பங்கள் கூலி வேலைக்குப் போயின. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பொற்கொல்லர்களின் தற்கொலைச் செய்திகள் வந்தன. எல்லையில் துப்பாக்கி ஓய்ந்து இரண்டு மாதம் ஆன பிறகு, நம் தெருக்கோடியில் விழுந்த அடி இது. இவர்களுக்கு எந்த மேடையிலும் மாலை போடவில்லை.

பிறகு சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன. 14 காரட் விதி 1966-ல் தொலைந்தது. ஆனால் 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வேறு உருவில் வந்து, 1990-ல்தான் ரத்தாயிற்று. அதற்குள் எத்தனையோ பத்தர் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். வேடிக்கையைக் கேளுங்கள்: அன்று யாரும் சீண்டாத 14 காரட் நகை, இன்று ஹால்மார்க் முத்திரையோடு கண்ணாடிப் பெட்டியில் 'லேட்டஸ்ட் மாடல்' என்று மின்னுகிறது!

உங்கள் வீட்டில் 1963 தை மாதம் கல்யாணமான பாட்டி இருக்கிறாரா? அவருடைய கல்யாணப் போட்டோவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். கழுத்தில் இருப்பது யாருடைய நகை, புதிதா, அம்மாவுடையதா என்று கேளுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பொன்னின் மாற்றுத் தெரியாது. பாட்டி சொல்லித்தான் தெரிய வேண்டும்.